ஊடக அறம் பாடம் எடுக்கப் போகிறீர்களா? ஒரு சம்பவத்தை வகுப்புக்குக் கொண்டுபோகும் வழி

செய்தியைத் திருத்தி, தலைப்பு வைத்து, பக்கம் போடுகிற நாளிதழ் டெஸ்க்கில் 14 வருடம் இருந்தவன் நான். ஒரு ஜூன் மாதம் கல்லூரித் துறைத் தலைவர் ஒருவர் போனில் கூப்பிட்டு, "சார், மீடியா எதிக்ஸ் பேப்பருக்கு ஆள் இல்லை. வாரம் ரெண்டு மணி நேரம் வந்து உங்க அனுபவத்தைச் சொன்னாலே போதும்" என்றார். சொன்னேன். அந்த செமஸ்டர் முழுக்க வீணாகப் போனது. எந்தச் சம்பவத்தைச் சொன்னாலும் வகுப்பில் இருந்த 42 பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "வெளியிடக் கூடாது சார்."

மதியம் 2 மணிக்கு ஃபேன் காற்றில் உட்கார்ந்திருக்கும்போது எல்லோரும் உத்தமர்கள்தான். இரவு 11:40க்கு, பக்கத்தை அச்சுக்கு விடச் சொல்லி பிரஸ்ஸிலிருந்து ஆள் வந்து தலைமாட்டில் நிற்கும்போது என்ன செய்வார்கள்? அதைத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்த 11:40ஐ வகுப்புக்குள் கொண்டுவர எனக்கு மூன்று செமஸ்டர் பிடித்தது. டெஸ்க்கிலிருந்து நேராக வகுப்புக்குப் போகிறவர்கள் அவ்வளவு காலம் தடுமாற வேண்டாம் என்று, நான் இப்போது செய்கிற முறையைப் படிப்படியாக எழுதுகிறேன்.

1. ஒப்புக்கொள்வதற்கு முன் கேட்டு வாங்க வேண்டியவை

முதலில் இரண்டு பீரியடைச் சேர்த்துக் கேளுங்கள். 50 நிமிடத்தில் ஒரு சம்பவத்தைப் படிக்க வைக்கலாம், முடிவெடுக்க வைக்க முடியாது. 100 நிமிடம் கிடைத்தால்தான் நடக்கும். கால அட்டவணை ஜூன் மாதமே ஒட்டிவிடுவார்கள். ஜூலையில் போய்க் கேட்டால் "அடுத்த செமஸ்டர் பார்க்கலாம் சார்" என்பார்கள்.

இரண்டாவது, மதிப்பெண். பல இடங்களில் அகமதிப்பீட்டுக்கு 25, பல்கலைக்கழகத் தேர்வுக்கு 75. தேர்வில் 'ஊடக அறம் என்றால் என்ன, விளக்குக' என்றுதான் வரும். அதனால் உங்கள் கைக்குள் இருப்பது அந்த 25 மட்டும். அதில் 15 மதிப்பெண்ணாவது சம்பவ வகுப்புகளுக்கு என்று துறைத் தலைவரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். மதிப்பெண் இல்லாத வேலையை யாரும் இரவு உட்கார்ந்து படித்துவிட்டு வரமாட்டார்கள்.

மூன்றாவது, பணம். எனக்கு மணிக்கு 500 ரூபாய் பேசினார்கள், பஸ் கட்டணம் தனி. வந்து சேர்ந்தது ஐந்து மாதம் கழித்து. அழைப்புக் கடிதம், பான் கார்டு நகல், வங்கி பாஸ்புக்கின் முதல் பக்க நகல், ஒவ்வொரு வகுப்புக்கும் கையெழுத்திட்ட வருகைத் தாள், இவை நான்கையும் முதல் நாளிலிருந்தே ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். வருகைத் தாளை செமஸ்டர் கடைசியில் மொத்தமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டதால்தான் என் பில் இரண்டு முறை திரும்பி வந்தது.

2. எந்தச் சம்பவம்?

வெளிநாட்டுப் பாடநூல்களில் வருகிற புகழ்பெற்ற புகைப்படங்களை எடுக்காதீர்கள். பஞ்சத்தில் தவழும் குழந்தையும் பின்னால் கழுகும் இருக்கிற சூடான் படத்தைத் திரையில் போட்டால், பின்பெஞ்சிலிருந்து ஒருவன் தற்கொலை செய்துகொண்ட அந்தப் புகைப்படக்காரரின் முடிவு வரை ஒப்பிப்பான். முடிவு தெரிந்த கதையில் யாரும் முடிவெடுப்பதில்லை, தீர்ப்புச் சொல்கிறார்கள்.

நான் பார்ப்பது மூன்று விஷயம். நல்ல மனிதர்கள் இரண்டு பக்கமும் நிற்கக்கூடிய சம்பவமா? அன்றைய பத்திரிகைப் பக்கங்கள் கிடைக்குமா? நீதிமன்றத்தில் முடிந்துவிட்டதா, அல்லது நாம் பேசப்போகும் பகுதி வழக்குக்கு வெளியே இருக்கிறதா? இந்த மூன்றிலும் தேறி, என் ஃபைலில் நிரந்தரமாக இடம்பிடித்தவை சில உண்டு.

2016 டிசம்பர் 5. இதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

2017 அக்டோபர் 23, திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். கந்துவட்டிக் கொடுமை என்று பல முறை மனு கொடுத்தும் பலன் இல்லாமல் ஒரு தம்பதி, இரண்டு சிறு பெண் குழந்தைகளோடு தீக்குளித்தார்கள். நால்வரும் இறந்துபோனார்கள். படங்கள் எடுக்கப்பட்டன, நாடு முழுக்கப் போயின. முதல் பக்கத்தில் போடுவதா? அந்தப் படம் இல்லாவிட்டால் கந்துவட்டி என்ற சொல் அந்த வாரம் யார் காதிலாவது விழுந்திருக்குமா? குழந்தைகளை மறைத்துவிட்டுப் போடுவதா? கேமராவைப் பிடித்திருந்த கை முதலில் என்ன செய்திருக்க வேண்டும்? வகுப்பு இரண்டாகப் பிளக்கும், சத்தியமாக.

2019 அக்டோபர், மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டி. ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தை. அக்டோபர் 25 மாலை தொடங்கி 29 அதிகாலை வரை, நடுவில் தீபாவளியும் வந்து போக, இடைவிடாத நேரலை. தொலைக்காட்சிக்குப் போக விரும்பும் மாணவர்களுக்கு இது. கேமராவை எப்போது திருப்புவது என்பதுதான் கேள்வி.

2023 மார்ச் தொடக்கம். தமிழ்நாட்டில் வட மாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று சம்பந்தமில்லாத காணொளிகளை வைத்துப் பரவிய வதந்தி. சரிபார்ப்பதைச் சொல்லிக்கொடுக்க இதைவிடப் பக்கத்தில் எதுவும் இல்லை. வதந்தியை மறுக்கும் செய்தியிலேயே அந்தக் காணொளியை மறுபடியும் காட்டலாமா என்ற கேள்வியோடு தொடங்குங்கள்.

பெரிய சம்பவம் எதுவும் கைக்குச் சிக்காவிட்டால் கவலைப்படாதீர்கள். ஒரு வாரத்து மாவட்டப் பக்கங்களைப் புரட்டுங்கள். 'கள்ளக்காதல்' என்ற ஒரு சொல் போதும், இரண்டு மணி நேரம் ஓடும். கொலையானவரின் ஒழுக்கத்தைத் தலைப்பிலேயே தீர்மானித்துவிடுகிற சொல் அது. சொன்னது யார் என்று தேடிப்போனால் பெரும்பாலும் ஸ்டேஷனில் யாரோ போனில் சொன்னதாக இருக்கும். என் கையாலும் அந்தத் தலைப்பைப் பல முறை போட்டிருக்கிறேன். பக்கத்தில் 4 காலம் (column) அகலத்துக்கு அது அளவாக உட்காரும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்கு நினைவில்லை. இதை வகுப்பில் ஒப்புக்கொண்ட நாளிலிருந்துதான் மாணவர்கள் என்னிடம் உண்மையாகப் பேசத் தொடங்கினார்கள்.

3. கோப்பு சேகரிப்பது

ஒரு சம்பவத்துக்கு நான்கு வகைக் காகிதம் வேண்டும்: அன்றைய நாளிதழ் பக்கங்கள் குறைந்தது மூன்று பத்திரிகையிலிருந்து, மறுநாள் பக்கங்கள், நீதிமன்ற உத்தரவு இருந்தால் அது, பொருந்துகிற சட்டப் பிரிவும் இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிமுறைகளும்.

பழைய இதழ்களுக்குச் சென்னையில் எழும்பூர் கன்னிமாரா நூலகம். பத்திரிகைகள் சட்டப்படி பிரதி அனுப்ப வேண்டிய நூலகங்களில் அது ஒன்று. இன்னும் பழையது வேண்டுமென்றால் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். இரண்டுக்கும் கல்லூரிக் கடிதத்தோடு போங்கள், படம் எடுக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வெளியூர்க்காரர்கள் ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டும். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இணையத்தில் இலவசம். நூறு பக்கத்தையும் அச்சடிக்காமல், தேவையான நான்கு பக்கத்தை மட்டும் எடுங்கள்.

பாடம் நடத்தும்போது ஆசிரியர் பிரதி எடுப்பதை 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. டெல்லி பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016இல் டெல்லி உயர் நீதிமன்றமும் இதற்குத் தாராளமாகவே பொருள்கொண்டது. ஆனால் அது வகுப்பறைக்கு. வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் யார் யாருக்குப் போகும் என்று சொல்ல முடியாது, போடாதீர்கள்.

இப்போது நான் விழுந்த பள்ளம். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களின் அடையாளத்தை மறைப்பது பற்றி ஒரு வகுப்பு. பழைய செய்தி ஒன்றை ஜெராக்ஸ் எடுத்தேன். பெயர் இருந்த இடத்தைக் கறுப்பு ஸ்கெட்ச்சால் அடித்தேன். 42 பிரதியும் எடுத்து மடித்து வைத்த பிறகு இரவு படித்துப் பார்த்தால், மூன்றாவது பத்தியில் பள்ளியின் பெயர் இருக்கிறது. ஐந்தாவது பத்தியில் தந்தையின் தொழிலும் தெருவும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு பெயரோடு நிற்பதில்லை. முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம், அடையாளம் தெரிய வழிசெய்யும் எதுவும் கூடாது. தண்டனை ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அறத்தைச் சொல்லிக்கொடுக்கப் போன நான் 42 பிரதி சட்டமீறலைக் கைப்பையில் வைத்திருந்தேன். கறுப்பு மை இன்னொரு ஆபத்து: வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்து தெரியும். அசல் செய்தியை ஒட்டிப் புதிதாகத் தட்டச்சு செய்து, ஊரையும் தொழிலையும் மாற்றிவிடுவதே பாதுகாப்பு.

4. சம்பவத்தை எழுதுவது

இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. முடிவெடுக்க வேண்டிய நிமிடத்துக்கு ஒரு நிமிடம் முன்பே கதையை நிறுத்துங்கள். அப்புறம் நடந்தவை துண்டுச் சீட்டுகளாக, அலாரம் வைத்து, ஒவ்வொன்றாக வர வேண்டும்.

2016 டிசம்பர் 5ஐ நான் எழுதிவைத்திருக்கும் விதம் இது. தாளில் இருப்பது: முதல்வர் ஜெயலலிதா செப்டம்பர் 22 முதல் அப்போலோ மருத்துவமனையில். நேற்று, ஞாயிறு மாலை, இதயத் துடிப்பு முடக்கம் (cardiac arrest) என்று மருத்துவமனை அறிவித்திருக்கிறது. ஊர் முழுக்கக் கடைகள் ஷட்டரை இறக்கிக்கொண்டிருக்கின்றன. நீங்கள் ஒரு செய்தித் தொலைக்காட்சியின் டெஸ்க்கில் இருக்கிறீர்கள். மணி மாலை 5:20. அவ்வளவுதான் தாள்.

முதல் சீட்டு: போட்டித் தொலைக்காட்சி ஒன்றில் 'முதல்வர் காலமானார்' என்று ஃபிளாஷ் ஓடுகிறது. இரண்டாவது சீட்டு: இன்னும் சில தொலைக்காட்சிகள் சேர்ந்துவிட்டன. மூன்றாவது: ராயப்பேட்டை கட்சி அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறக்கப்பட்டுவிட்டது, உங்கள் கேமராமேன் நேரில் பார்த்துச் சொல்கிறார். இங்கே நான்கு நிமிடம் விடுவேன். பெரும்பாலான குழுக்கள் இந்த நான்கு நிமிடத்தில்தான் ஃபிளாஷ் போடுகின்றன. கொடி இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகு இன்னும் என்ன வேண்டும்?

நான்காவது சீட்டு: மருத்துவமனை மறுக்கிறது, சிகிச்சை தொடர்கிறது என்கிறது. ஐந்தாவது: கொடி மறுபடி மேலே ஏறிவிட்டது.

ஒரு செமஸ்டரில் செய்தி ஆசிரியராக இருந்த பெண், ஃபிளாஷ் போட்டுவிட்டிருந்தாள். ஐந்தாவது சீட்டைப் படித்ததும் தாளைக் கவிழ்த்துவைத்துவிட்டு, "இப்ப என்ன சார் பண்றது, எடுத்துட்டா யாருக்கும் தெரியாதில்ல?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அவள் குழுவிலேயே நிருபராக இருந்த பையன், "வெளிய சனம் நிக்குது. தெருவுல இருக்கிற நம்ம ஆளுங்களுக்கு எதாவது ஆனா?" என்றான். திருத்தத்தை எப்படிச் சொல்வது, சத்தமில்லாமல் எடுத்துவிடுவதா, திரையில் வருத்தம் தெரிவிப்பதா என்று அடுத்த 20 நிமிடம் அவர்களே அடித்துக்கொண்டார்கள். பாடத்திட்டத்தில் 'பிழைதிருத்தம்' என்று ஒரு வரியாக இருப்பது அன்றைக்குத்தான் அந்த வகுப்புக்கு வந்து சேர்ந்தது.

இரவு 11:30க்கு இறந்தார் என்று நள்ளிரவு தாண்டித்தான் மருத்துவமனை அறிவித்தது. இதை வகுப்பின் கடைசி ஐந்து நிமிடம் வரை நீங்களாகச் சொல்லாதீர்கள். 2016இல் சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்கள் பலருக்கு அன்று மாலை நடந்த குழப்பம் தெரியாது. தெரிந்த ஒருவன் இருந்தால் அவனை 'மருத்துவமனை செய்தித் தொடர்பாளர்' ஆக்கி வெளியே உட்கார வைத்துவிடுவேன்.

5. வகுப்பை நடத்துவது

ஆறு பேர் கொண்ட குழு. செய்தி ஆசிரியர், தலைமைத் துணை ஆசிரியர், நிருபர், புகைப்படக்காரர், விளம்பரப் பிரிவு ஆள், செய்தியில் வருகிற குடும்பத்தின் உறவினர். கடைசி இரண்டு வேடங்களை விட்டுவிடாதீர்கள். விளம்பரத்துக்காரர் இல்லாத நியூஸ்ரூம் தமிழ்நாட்டில் எங்கும் இல்லை. உறவினர் வேடத்தில் இருப்பவர் வாய் திறக்கக் கூடாது, குழு தன்னைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பார். கடைசியில் மூன்று நிமிடம் பேசுவார். அந்த மூன்று நிமிடத்தில் பலருக்குக் குரல் கம்மிவிடும்.

படிக்க 10 நிமிடம், சீட்டுகளோடு 35 நிமிடம், தலைப்பும் பக்க வரைவும் கையால் எழுதித்தர 10 நிமிடம், மீதி விவாதம். 'வெளியிட மாட்டோம்' என்று எழுதினால் அந்த இடத்தில் என்ன போடப்போகிறீர்கள் என்றும் எழுத வேண்டும். பக்கத்தில் ஓட்டை விட முடியாதில்லையா.

உங்கள் கருத்தைச் சொல்லாதீர்கள். மிகக் கஷ்டம், எனக்கும்தான். நீங்கள் தலையாட்டினாலே 42 பேரும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள்.

இன்னொன்று. திருநெல்வேலிப் படத்தை முதல் தடவை முன்னறிவிப்பு இல்லாமல் திரையில் போட்டேன். ஒரு மாணவி எழுந்து வெளியே போனாள், அன்று திரும்பி வரவில்லை. அவள் வீட்டில் அப்படி ஒன்று நடந்திருக்கிறது என்று அப்புறம்தான் தெரிந்தது. இப்போது ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுகிறேன், மாற்று வேலையும் தருகிறேன். அந்தப் படத்தைக் காட்டுவதே இல்லை. படத்தில் இருப்பதை நான்கு வரியில் எழுதிக் கொடுக்கிறேன். வகுப்புக்கு அந்த விவரிப்பே போதுமானதாக இருக்கிறது. தற்கொலை சம்பந்தப்பட்ட வகுப்பு என்றால் 104, 14416 ஆகிய உதவி எண்களைக் கரும்பலகையில் ஓர் ஓரத்தில் எழுதிவைத்துவிட்டுத்தான் தொடங்குங்கள்.

6. சட்டத்தைக் கடைசியில் எடுங்கள்

முதலிலேயே சட்டத்தைச் சொன்னால் விவாதம் அங்கேயே செத்துவிடும். முதல் சுற்று முடிந்ததும் எடுத்தால், தங்கள் முடிவோடு அதை மோதவிட்டுப் பார்ப்பார்கள். கைவசம் இருக்க வேண்டியவை:

பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவு, பழைய இ.பி.கோ. 228ஏ. பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை. "செத்துட்டாங்களே சார், இனி என்ன?" என்ற கேள்வி நிச்சயம் வரும். 2018 டிசம்பரில் நிபுன் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம், இறந்தவருக்கும் இது பொருந்தும் என்று சொல்லிவிட்டது. உறவினர் சம்மதித்தாலும் உரிய அதிகாரி அனுமதிக்க வேண்டும். ஜம்முவின் கத்துவாவில் பாலியல் வன்கொடுமை செய்து கொல்லப்பட்ட சிறுமியின் பெயரையும் படத்தையும் வெளியிட்ட ஊடக நிறுவனங்களை 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் தலா 10 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது. சிறாரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிற சிறார் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவு, கைதான 17 வயதுப் பையனுக்கும் பொருந்தும். இது பாதிப் பேருக்குத் தெரியாது.

'அரசே சொன்னதுதானே' என்ற சமாதானத்துக்குப் பொள்ளாச்சி பாலியல் வழக்கு. 2019இல் வழக்கை சிபிஐக்கு மாற்றும் அரசாணையிலேயே புகார் கொடுத்த பெண்ணின் பெயர் இருந்தது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அரசு ஆவணம் கைக்கு வந்துவிட்டால் அப்படியே அடிக்கலாம் என்று நினைக்கிற பையன்களுக்கு நல்ல மருந்து.

எதிர்ப்பக்கமும் வேண்டும், இல்லாவிட்டால் எதையும் வெளியிடாத பயந்தாங்கொள்ளிகளைத்தான் உருவாக்குவீர்கள். அதற்கு 1994 ராஜகோபால் வழக்கு. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடாமல் இருக்க அதிகாரிகள் முட்டுக்கட்டை போட, வெளியாவதற்கு முன்பே தடுக்க அவர்களுக்கு உரிமை இல்லை என்றது உச்ச நீதிமன்றம்.

ஒரு எச்சரிக்கை: 2017 திருநெல்வேலிப் படத்தை 2019 நெறிமுறையை வைத்து அடிக்க விடாதீர்கள். தற்கொலைச் செய்திகளை முக்கிய இடத்தில் போடாதே, முறையை விவரிக்காதே, படம் போடாதே என்று பத்திரிகை மன்றம் விரிவாகச் சொன்னது 2019 செப்டம்பரில். அன்றைக்கு டெஸ்க்கில் இருந்தவர் கையில் என்ன இருந்தது என்று கேளுங்கள்.

அப்படியே புகார் கொடுக்கும் முறையையும் சொல்லிவிடுங்கள்: முதலில் பத்திரிகை ஆசிரியருக்கு எழுத வேண்டும், பலன் இல்லையென்றால் பத்திரிகை மன்றத்துக்கு. நாளிதழ், வார இதழ் என்றால் வெளியான நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள், மற்றவற்றுக்கு நான்கு மாதம். தொலைக்காட்சி அந்த மன்றத்துக்குள் வராது.

7. மதிப்பெண் போடுவது

முடிவுக்கு மதிப்பெண் கிடையாது என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள். நான் 10க்குப் போடுவது இப்படி: யார் யாருக்கு என்ன பாதிப்பு என்று பட்டியலிட்டதற்கு 3, தன் முடிவுக்கு எதிரான வலுவான வாதத்தை நேர்மையாக எழுதியதற்கு 4, தலைப்புக்கு 2, நேரத்துக்குள் தந்ததற்கு 1. அந்த 4தான் எல்லோருக்கும் அடிவாங்கும் இடம். பக்கத்தில் சாதிப் பெயர் வருகிற சம்பவமாக இருந்தால் இன்னும் மோசம். குழுக்கள் ஒரே ஊர்க்காரர்களாகச் சேர்ந்து உட்கார்ந்துவிடும். சீட்டுக் குலுக்கிக் குழு பிரியுங்கள்.

8. செலவும் நேரமும்

முதல் சம்பவத்தைத் தயாரிக்க எனக்கு மூன்று சனிக்கிழமை ஆனது. இப்போது ஒன்றரை நாள். ஒரு செமஸ்டருக்கு ஐந்து சம்பவம் போதும், ஆறாவதில் அவர்களுக்கும் சலித்துவிடும், எனக்கும்தான். ஜெராக்ஸ், கவர், சென்னைப் பயணம் எல்லாம் சேர்த்து முதல் செமஸ்டரில் என் கைப்பணம் 1,900 ரூபாய் போனது. துறையில் ஜெராக்ஸ் செலவு தருவார்கள் என்பது எனக்குக் கடைசி வாரத்தில்தான் தெரிந்தது. கேளுங்கள், தருவார்கள். பில் மட்டும் கல்லூரிப் பெயரில் வாங்குங்கள்.

வகுப்பு முடிந்ததும் வாசலில் நின்று பிரதிகளை எண்ணி வாங்குங்கள். ஒரு முறை எனக்கு 41தான் வந்தது. மிச்சம் ஒன்று அடுத்த நாள் கேன்டீனில் வடை மடித்த காகிதமாகக் கிடைத்தது. எல்லாம் மாற்றி எழுதிய பிரதி என்பதால் தப்பித்தேன்.